அடாப்டர் போட்டால் எல்லா லென்ஸும் ஓடுமா?

கேமரா மாற்றப் போகிறேன், டிஎஸ்எல்ஆரிலேயே இருக்கலாமா மிரர்லெஸ்ஸுக்குப் போகலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் பையைத் திறக்கச் சொல்வேன். உள்ளே என்ன லென்ஸ் இருக்கிறது, அதன் பின்புறம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் பதில் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் பேச்சை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். 2022-ல் நான் விசாரித்தபோது பதில் சொல்லாதவர் இல்லை. பையைத் திறக்கச் சொன்னவர்தான் ஒருவரும் இல்லை.

நான் எடுப்பது இரண்டே வகைப் படங்கள். மார்கழியில் சென்னை சபாக்களில் நாட்டியமும் கச்சேரியும். பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து. பெரும்பாலும் காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்கள். பிழைப்புக்கு வேறு வேலை இருக்கிறது, இது ஆசைக்குச் செய்வது. இரண்டு இடத்திலும் நிலைமை ஒன்றுதான்: வெளிச்சம் போதாது, எதிரே இருப்பவர் ஒரு நொடி நிற்க மாட்டார், ஃபிளாஷ் போட முடியாது. இதைப் படிக்கிற நீங்களும் அநேகமாக வேலை முடிந்து, பொழுது சாய்ந்த பிறகு கேமராவைக் கையில் எடுப்பவராகத்தான் இருப்பீர்கள். பட்டப்பகலில் பறவை எடுப்பவர்களுக்கு என் கணக்கு கொஞ்சம் மாறும்.

அப்போது என்னிடம் இருந்தது நிக்கான் டி7200. கூடவே மூன்று லென்ஸ்: 50 மி.மீ. எஃப் 1.8, 85 மி.மீ. எஃப் 1.8, 80-200 மி.மீ. எஃப் 2.8. மூன்றும் ஏஎஃப்-டி என்ற பழைய வகை, மூன்றும் செகண்ட் ஹேண்ட். புது 70-200 எஃப் 2.8 வாங்க லட்சத்துக்கு மேல் வேண்டும். அதே அளவு வெளிச்சத்தை உள்ளே விடும் பழைய லென்ஸ் அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைத்தது. மாதச் சம்பளக்காரர் இருட்டில் நல்ல படம் எடுக்க ஆசைப்பட்டால் இதுதான் வழி. இன்றைக்கும் இதையே சொல்வேன்.

மாற்ற நினைத்ததற்குக் காரணம் சபா. டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பி இறங்கும். அந்தச் சத்தம் தெருவில் கேட்காது. ஆலாபனை நடக்கும் அரங்கில் மூன்று வரிசைக்குக் கேட்கும். ஒரு கச்சேரியில் முன்வரிசை மாமி திரும்பிப் பார்த்து, "சித்த நிறுத்தறேளா? பாட்டு கேக்க வந்திருக்கோம்" என்றார். அவர் சொன்னது நியாயம். அதோடு, டி7200-ல் ஐஎஸ்ஓ 6400-ஐத் தொட்டால் நிழல் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். ஃபுல் ஃபிரேம் சென்சாரும் சத்தமில்லாத ஷட்டரும் வேண்டியிருந்தன. 2020-ல் வந்த நிக்கான் இசட் 5-ல் இரண்டும் இருந்தன, விலையும் எட்டிப் பிடிக்கிற அளவில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து படமெடுக்கப் போகும் எங்கள் குழுவில் கேட்டேன். "இன்னுமாண்ணே கண்ணாடி கேமரா வச்சிருக்கீங்க? அடாப்டர் போட்டா பழைய லென்ஸ் அத்தனையும் ஓடும். நான் போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் ஒரு நண்பர். அவர் கேனன்காரர். கடையில் என் லென்ஸைப் பெயர் சொல்லியே கேட்டேன். "தம்பி, 80-200 டி லென்ஸ் வச்சிருக்கேன். ஆட்டோஃபோகஸ் வருமா?"

"எஃப் மவுன்ட்தானே சார், எல்லாமே வரும்."

அன்றைக்கு எக்ஸ்சேஞ்ச் சலுகைக்குக் கடைசி நாள் என்றார்கள். டி7200-ஐ 18,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு இசட் 5-க்கும் அடாப்டருக்கும் பில் போட்டுக் கொடுத்தார்கள். ராத்திரி வீட்டில் 80-200-ஐ மாட்டி ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் அசையவே இல்லை. காலையில் போன் போட்டால், "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணிப் பாருங்க சார், சரியாயிடும்" என்றார்கள். சரியாகவில்லை, எந்த அப்டேட்டிலும் சரியாகாது. என் டி7200-ஐத் திருப்பிக் கேட்டேன். அது கை மாறிவிட்டதாம்.

ஏன் சரியாகாது என்பதை அன்றைக்கு யாராவது ஐந்து நிமிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். எனக்குக் கிடைக்காத அந்த ஐந்து நிமிடத்தை இங்கே தருகிறேன்.

நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-ல் வந்தது. 1986-ல் அதே மவுன்ட்டோடு வந்த எஃப்-501 ஆட்டோஃபோகஸ் கேமராவில், ஃபோகஸ் மோட்டாரை லென்ஸில் வைக்காமல் கேமராவுக்குள் வைத்தார்கள். டி7200 மாதிரியான கேமராவில் லென்ஸைக் கழற்றிவிட்டு மவுன்ட் வளையத்தைப் பாருங்கள். உலோக வளையத்தின் கீழ்ப்பக்கம், ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி தட்டையான சின்னத் தண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விரல் வைத்து அழுத்தினால் உள்ளே போய் வெளியே வரும். இப்போது ஏஎஃப்-டி லென்ஸைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். அந்தத் தண்டு போய் உட்கார ஒரு வெட்டு இருக்கும். கேமராவின் மோட்டார் தண்டைச் சுழற்றினால்தான் லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகரும். 'கிர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அது இந்தச் சுழற்சியின் சத்தம். பின்னால் வந்த ஏஎஃப்-எஸ் லென்ஸ்களில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. பின்புறம் வரிசையாக மின் தொடர்புப் புள்ளிகள் இருக்கும், வெட்டு இருக்காது.

2018-ல் இசட் மவுன்ட் வந்தது. கண்ணாடிக்கு இடம் விட வேண்டியதில்லை என்பதால் லென்ஸ் சென்சாரை நெருங்கி உட்காரலாம். எஃப் மவுன்ட்டில் 46.5 மி.மீ. இருந்த தூரம் இதில் 16 மி.மீ. நடுவே உள்ள 30.5 மி.மீ. இடைவெளியை நிரப்புவதுதான் எஃப்டிஇசட் அடாப்டரின் வேலை. ஏஎஃப்-எஸ் லென்ஸுக்கு வேண்டிய மின்சாரமும் கட்டளையும் அதன் வழியாகப் போகும், ஆட்டோஃபோகஸ் ஓடும். ஏஎஃப்-டி லென்ஸுக்கு வேண்டிய மோட்டாரோ தண்டோ அதில் கிடையாது. 2021-ல் வந்த இரண்டாவது எஃப்டிஇசட்டிலும் கிடையாது. வெளிச்ச அளவீடு வேலை செய்யும், அப்பர்ச்சரைக் கேமராவிலிருந்தே மாற்றலாம். ஃபோகஸ் மட்டும் கையால்தான். நிக்கான் இதை மறைக்கவில்லை, எந்த லென்ஸுக்கு எது வேலை செய்யும் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. விற்பனைக்கு நிற்கிறவர்கள் அதைப் படித்திருக்க வேண்டும்.

கேனன் கதை வேறு. 1987-ல் இஎஃப் மவுன்ட்டுக்கு மாறியபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். ஆகவே அந்தக் காலத்து இஎஃப் லென்ஸும் அடாப்டர் வழியாக ஆர் வரிசைக் கேமராவில் ஆட்டோஃபோகஸ் ஆகும். எங்கள் குழு நண்பர் சொன்னது அவருடைய பைக்கு முழு உண்மை, என்னுடைய பைக்கு முழுப் பொய். பிற்பாடு இதை அவரிடம் விளக்கினேன். "அப்ப லென்ஸை மாத்துங்கண்ணே, அதெல்லாம் பழசுதானே" என்றார். மூன்று லென்ஸையும் மாற்ற ஆகும் பணம் கேமராவின் விலையைத் தாண்டிவிடும் என்பது அவர் கணக்கிலேயே வரவில்லை. பிராண்ட் வேறாக இருக்கிறவரிடம் அடாப்டர் பற்றி யோசனை கேட்காதீர்கள்.

பணத்தை விட எனக்கு ஆறாதது அந்த வாரக் கடைசியில் நடந்தது. ஏற்கெனவே வருவதாகச் சொல்லியிருந்த ஊர். அன்றைய கூத்து கர்ண மோட்சம். கர்ணன் கட்டியவர் அந்தக் குழுவின் மூத்த வாத்தியார், நான் பல வருடமாகப் படம் எடுத்துவரும் ஆட்டக்காரர். திரைக்குப் பின்னால் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு, "வந்துட்டியாப்பா? இந்தத் தடவை பொன்னுருவி கட்டம் நல்லா எடு" என்றார். கையில் இருந்ததோ ஃபோகஸ் ஆகாத 80-200. 200 மி.மீ.-ல் எஃப் 2.8 வைத்து 5 மீட்டர் தூரத்தில் நிற்பவரை எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 10 செ.மீ. அவ்வளவுதான். கூத்தில் ஆள் ஒரு அடி வைப்பதற்குள் அது தாண்டிப் போய்விடும். ஃபோகஸ் பீக்கிங் இருக்கிறதே, கூர்மையான விளிம்பை நிறம் போட்டுக் காட்டுமே என்பீர்கள். மரக்கட்டை அணிகள் பூட்டும் கட்டை வேடத்தில் கிரீடம், மார்ப்பதக்கம், புஜம் எல்லா இடத்திலும் கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும். பீக்கிங் அத்தனையிலும் மின்னியது, முகம் எங்கே என்று சொல்லவில்லை.

விடியற்காலை, கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போர்க்களத்துக்குக் கிளம்பும் இடம். அந்தப் படங்கள் இன்னும் என் ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் கிரீடத்தில் ஒட்டிய சில்லு ஒவ்வொன்றையும் எண்ணலாம். கண் மட்டும் மங்கல். அடுத்த வருடம் முதல் வாத்தியார் கர்ணன் கட்டுவதில்லை, முழங்கால் இடம் கொடுக்கவில்லை. இளையவர் ஒருவர் கட்டுகிறார், நன்றாகவே ஆடுகிறார். ஆனால் நான் எடுக்க நினைத்தது வாத்தியாரின் கர்ணனை.

அதனால்தான் எக்ஸ்சேஞ்ச் விஷயத்தில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். புது பாடி வாங்கும் நாளில் பழைய பாடியைக் கொடுக்காதீர்கள். சலுகை போனால் போகட்டும். உங்கள் லென்ஸ்களோடு, நீங்கள் வழக்கமாக எடுக்கும் இடத்தில், வழக்கமான வெளிச்சத்தில் புதியது ஒரு நிகழ்ச்சி முழுக்க ஓடட்டும், அப்புறம் பழையதை விற்கலாம். நேரடியாக இன்னொரு ஆர்வலருக்கு விற்றால் கடை கொடுப்பதை விடக் கூடுதலாகவே கிடைக்கும். கடைக்குப் போகும்போது எல்லா லென்ஸையும் தூக்கிக்கொண்டு போங்கள், ஒவ்வொன்றையும் மாட்டி பட்டனை அழுத்திப் பாருங்கள். வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. "பில்லில் அப்படி எதுவும் எழுதலையே சார்" என்ற பதிலை நான் வாங்கியிருக்கிறேன். 'இந்த லென்ஸ், இந்த அடாப்டர், இந்த பாடி, ஆட்டோஃபோகஸ் வருமா' என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

நான் அதற்கப்புறம் செய்ததைச் சிலர் பின்னோக்கிப் போவதாகச் சொன்னார்கள். செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் டி750 வாங்கினேன். 2014-ல் வந்த ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆர். உள்ளே மோட்டார் உண்டு. என் மூன்று லென்ஸும் ஃபுல் ஃபிரேமுக்கே செய்யப்பட்டவை. டி7200-ன் சின்னச் சென்சாரில் ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தவை இதில் முழுசாக விரிந்தன. எல்லோரும் மிரர்லெஸ் என்று ஓடியதால் பழைய பாடிகளின் விலை சரிந்துவிட்டது. அது நம்மைப் போன்றவர்களுக்குக் கிடைத்த வாய்ப்பு. வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பாருங்கள். அப்போதே எடுத்த ஒரு ஜேபெக் படத்தின் விவரத்திலேயே அந்த எண் இருக்கும். டி750-ன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. ஷட்டர் தொடர்பாக நிக்கான் இலவசச் சர்வீஸ் அறிவித்த தொகுப்பில் அந்த வரிசை எண் வருகிறதா, வந்தால் சர்வீஸ் செய்யப்பட்டதா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். மெமரி கார்டு, பை, ஸ்கிரீன் கார்டு பற்றியெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், விடுகிறேன்.

இசட் 5-ஐயும் வைத்துக்கொண்டேன். அது நல்ல கேமரா, அதை விற்ற விதத்தில்தான் கோளாறு. 85 டி-யை விற்று, மேலே பணம் போட்டு, இசட் மவுன்ட்டுக்கான 85 மி.மீ. எஃப் 1.8 எஸ் வாங்கினேன். சபாவுக்கு அந்த ஜோடிதான். நாட்டிய மேடையில் பின்னால் கறுப்புத் திரை, முகத்தில் ஸ்பாட் லைட். கறுப்பைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும்; நெற்றியும் கன்னமும் வெளுத்துப் போகும். டிஎஸ்எல்ஆரில் எடுத்து முடித்துப் பார்த்தால்தான் தெரியும். எலெக்ட்ரானிக் வியூஃபைண்டரில் பட்டன் அழுத்தும் முன்பே முகம் வெளுப்பது கண்ணில் படும். சக்கரத்தை ஒரு ஸ்டாப் குறைத்துவிட்டு எடுக்கலாம். ஃபோகஸும் சென்சாரிலேயே அளக்கப்படுகிறது. டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது அது கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் உள்ள தனி மாட்யூலில் அளக்கப்படும். அங்கே சரி என்று காட்டுவது சென்சாரில் மயிரிழை முன்னே பின்னே விழலாம். அதனால் ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபைன் டியூன் செய்ய வேண்டியிருந்தது. மிரர்லெஸ்ஸில் அந்த வேலை இல்லை. மை தீட்டிய நாட்டியக்காரரின் கண்ணை இசட் 5 சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

சத்தமில்லாத ஷட்டரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அதில் சென்சார் வரி வரியாக வாசிக்கப்படுகிறது. அந்த நேரத்துக்குள் எல்இடி விளக்கு துடித்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், ஆகவே ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் பெரும்பாலும் தப்பலாம். டிம்மர் போட்ட எல்இடிக்கு அந்தக் கணக்கும் உதவாது. நிகழ்ச்சிக்கு முன் மேடை விளக்கு போட்டதும் நாலு படம் எடுத்து, வெளிர்நிறப் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை தெரிந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள், சத்தம் வரும் என்பதால் இடம் பார்த்து எடுங்கள். கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது தாராளமாக எடுக்கலாம். நாட்டியத்தில் ஜதி ஓடும்போது நட்டுவாங்கத் தாளமும் சலங்கையும் சேர்ந்து உங்கள் ஷட்டரை மூடிவிடும். பதத்தில் அபிநயம் பிடிக்கும்போது கையை எடுத்துவிடுங்கள்.

கூத்துக்கு டி750. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும் வரை, ரீசார்ஜுக்கு வழி கிடையாது. தரப்படுத்திய அளவீட்டின்படி டி750 ஒரு பேட்டரியில் 1,230 படம், இசட் 5 ஸ்கிரீனைப் பார்த்து எடுத்தால் 470, வியூஃபைண்டரில் அதை விடக் குறைவு. இரண்டும் ஒரே வகை பேட்டரி எடுப்பதால் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள முடிகிறது. அடுத்தது புழுதி. மண் தரையில் ஆட்டம், சுற்றி அடிக்கும்போது புழுதி எழும்பும். இசட் 5-ல் லென்ஸைக் கழற்றினால் சென்சார் திறந்து கிடக்கும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியும் ஷட்டர் திரையும் மறைத்துக்கொண்டிருக்கும். கடைசியாக என் கண். இருட்டில் மணிக்கணக்காகப் பளிச்சென்ற சின்னத் திரையைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் களத்தின் ஓரத்தில் யார் நிற்கிறார் என்றே தெரிவதில்லை. கட்டியக்காரன் கூட்டத்துக்குள்ளிருந்து திடீரென்று நுழைகிற கட்டமெல்லாம் தவறிப்போகும். கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கிறது.

நிக்கானின் கடைசிப் புது டிஎஸ்எல்ஆர்கள் டி780-ம் டி6-ம், இரண்டும் 2020-ல் வந்தவை. இனி அந்தப் பக்கம் புதுசு வராது என்பதை நான் மறுக்கவில்லை. என் டி750 உழைக்கும் வரை உழைக்கட்டும். அதன் ஷட்டர் போனால் இன்னொன்று வாங்குவேன், 80-200-ஐ விற்க மாட்டேன்.

உங்கள் பைக்கு வருவோம். கேனன் இஎஃப் லென்ஸ் என்றால் தயங்காமல் மிரர்லெஸ்ஸுக்குப் போகலாம். நிக்கானில் டி3500, டி5600 மாதிரிக் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் கவலை இல்லை. அவற்றில் மோட்டாரே கிடையாது, ஆகவே ஆட்டோஃபோகஸ் ஆகிக்கொண்டிருந்த லென்ஸ் எல்லாமே மோட்டார் உள்ள லென்ஸாகத்தான் இருக்கும். மற்ற கம்பெனி லென்ஸ் இருந்தால் அதை மட்டும் மாட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையில் 18-55 கிட் லென்ஸ் ஒன்றுதான் என்றால் உங்களைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. மிரர்லெஸ்ஸே வாங்குங்கள், ஆனால் பாடிக்கு ஆகும் அதே அளவு பணத்தை எஃப் 1.8 லென்ஸ் ஒன்றுக்கும் கூடுதல் பேட்டரிகளுக்கும் தனியாக எடுத்து வையுங்கள். டி7000 வரிசை, டி500, டி610, டி750 வைத்திருந்து, பையில் பின்புறம் வெட்டு உள்ள லென்ஸ் இரண்டு மூன்று இருந்தால் மட்டும் என்னைப் போலச் செய்யுங்கள். முதலில் அந்த லென்ஸ்களுக்கு இன்றைய சந்தை விலை என்ன, அதே வேலை செய்யும் இசட் லென்ஸ் என்ன விலை என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கடைக்காரரிடம் பேசுவது அதற்கு அப்புறம்.